பழைய ஜீப்பும் மூன்று எண்களும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

"ஆண்டு மலருக்கு எதைப் பற்றி எழுதப் போகிறாய்?" என்று தமிழ்த்துறை அம்மா கேட்டார்கள். "பழைய ஜீப் வாங்குவதும் விற்பதும் பற்றி" என்றேன். வகுப்பில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "தெரிந்ததை எழுது" என்றார்கள். அந்தத் துணிவில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்ற வினா எழலாம். நான் பட்டறையில் வேலை பார்த்தவள் அல்லள். ஆனால் 2017 முதல் 2024 வரை ஏழு ஆண்டுகள் எங்கள் வீட்டுப் புளியமரத்தடியில் ஒரு ஜீப் நின்றது. அதை வாங்கும்போது நாங்கள் செய்த தவறுகளையும், விற்கும்போது கற்றுக்கொண்டவற்றையும் சேர்த்தால் ஒரு பாடமாகும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வாசலுக்கு நான் வந்ததில் அந்த ஜீப்புக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது. போடி, தேவாரம், கம்பம் பக்கத்து மக்களுக்கு ஜீப் என்பது ஆடம்பரம் அன்று. விடியுமுன் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்கு ஏறுவது ஜீப்தான். போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் டிரைவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். என் தந்தையும் பதினெட்டு ஆண்டுகள் பிறர் ஜீப்பை ஓட்டியவர்தான்.

ஜீப் பிறந்த கதை

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு சிறு வண்டி தேவைப்பட்டது. 1940 செப்டம்பரில் பேன்டம் என்ற சிறிய கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. ஆனால் பெரும் எண்ணிக்கையில் செய்யும் வேலை வில்லிஸ்-ஓவர்லேண்டுக்கும் ஃபோர்டுக்கும் போயிற்று. 1945-க்குள் வில்லிஸ் ஏறத்தாழ 3,60,000 வண்டிகளும், ஃபோர்டு ஏறத்தாழ 2,80,000 வண்டிகளும் செய்தன. வில்லிஸ் செய்தது எம்.பி.; ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. இரண்டும் ஒரே வரைபடத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

போர் முடிந்ததும் வில்லிஸ் கம்பெனி அதையே உழவருக்கும் தோட்டக்காரருக்கும் ஏற்றபடி மாற்றி சி.ஜே. என்ற பெயரில் விற்றது. சிவிலியன் ஜீப் என்பதன் சுருக்கம் அது. 1953-ல் வந்தது சி.ஜே. 3பி. உள்ளிழுக்கும் வால்வுகளை இன்ஜின் தலையிலும் வெளியேற்றும் வால்வுகளைக் கீழே பிளாக்கிலும் வைத்த புதிய இன்ஜின் அதற்கு. இன்ஜின் உயரமாகிவிட்டதால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. இந்தியாவில் மகிந்திரா கம்பெனி வில்லிஸின் உரிமத்தோடு செய்து, நம் சாலைகளில் நாம் காலமெல்லாம் பார்த்தது இந்த உயர்ந்த நெற்றிக்காரனைத்தான். அமெரிக்காவில் 1968-ல் சி.ஜே. 3பி நின்றுபோன பின்னும் அதன் வழிவந்த வண்டிகள் இங்கே பல பத்தாண்டுகள் ஓடின.

எங்கள் வண்டி 1968-ஆம் ஆண்டுப் பதிவு. சந்தையில் "யுத்த ஜீப்" என்று சொல்லி இதே வண்டியை விற்கும் ஆட்கள் உண்டு என்பதால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். யுத்த ஜீப்பின் முகத்தில் ஒன்பது பிளவுகள். சிவிலியன் ஜீப்பில் ஏழு. ஆனால் முகத் தகட்டைக் கழற்றி மாற்ற ஒரு மணி நேரம் போதும். ஆகவே முகத்தை நம்பக் கூடாது. யுத்த ஜீப்பின் பானெட் தாழ்ந்திருக்கும். அதன் ஹெட்லைட்டைக் கீலில் பின்னோக்கித் திருப்பி, இரவில் இன்ஜினைப் பழுது பார்க்க வெளிச்சமாக வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். பின்பக்கம் திறக்கும் கதவு கிடையாது. ரேடியேட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தால், சேசிஸின் முன் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாயாகவும், ஃபோர்டில் கவிழ்த்த பள்ளம் போலவும் இருக்கும். ஃபோர்டு தன் போல்ட்டுத் தலைகளில் கூட 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்து வைத்தது. இவ்வளவையும் போலியாகச் செய்ய எவருக்கும் பொறுமை இருக்காது.

வாங்கிய கதை

2017 தைப்பொங்கல் கழிந்து அம்மாவின் ஆறு பவுன் சங்கிலியை அடகு வைத்தும், கைமாற்று வாங்கியும் 1,65,000 ரூபாய்க்கு அப்பா அந்த ஜீப்பை வாங்கினார். குத்தகைத் தோட்டத்துக்கு உரமும் குழாயும் ஏற்றிப் போவதாகத் திட்டம். ஓட்டிப் பார்த்தார்; புகை இல்லை; மேட்டில் இழுத்தது. டிரைவரான அவருக்கு அது போதும் என்று தோன்றியது. பதினெட்டு ஆண்டு ஸ்டியரிங் பிடித்த கைக்கு வண்டியைத் தெரியும், ஆர்.சி. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, அதை அவரால் படிக்க முடியாது.

அன்று மாலை ஏழாம் வகுப்புப் படித்த நான் எழுத்துக் கூட்டி அந்தப் புத்தகத்தைப் படித்தேன். எரிபொருள் என்ற இடத்தில் 'பெட்ரோல்' என்று இருந்தது. காலையில்தான் அப்பா டீசல் அடித்து வந்திருந்தார்.

"அப்பா, இதுல பெட்ரோல்னு போட்டிருக்கே."

"அது பழைய புத்தகம் தாயி. இன்ஜினை மாத்தி ரொம்ப நாளாச்சாம்."

அதோடு பேச்சு முடிந்தது. 2019-ல் பதிவைப் புதுப்பிக்கப் போனபோதுதான் அந்த ஒரு சொல்லின் கனம் எங்களுக்குத் தெரிந்தது. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண் வேறு, வண்டியில் உள்ள எண் வேறு, எரிபொருள் வேறு. ஆய்வாளர் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மேல் குற்றம் இல்லை. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அந்த ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்புச் சொல்லியிருந்தது. இன்ஜின் மாற்ற வழியே இல்லை என்பதில்லை. முன் அனுமதி பெற்று, மாற்றியபின் புத்தகத்தில் பதிய வேண்டும். எங்களுக்கு விற்றவரும் பதியவில்லை, அவருக்கு விற்றவரும் பதியவில்லை. கடைசியாகக் கையில் வைத்திருந்த நாங்கள் மாட்டிக்கொண்டோம். ஜீப் மரத்தடியில் நின்றது. அப்பா மறுபடியும் பிறர் வண்டிக்கு டிரைவராகப் போனார்.

மூன்று எண்கள்

ஆகவே பழைய ஜீப் வாங்குகிறவர் டயரை உதைத்துப் பார்க்குமுன் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். சேசிஸில் உள்ள எண், இன்ஜினில் உள்ள எண், ஆர்.சி.யில் உள்ள எண்கள். மூன்றும் ஒன்றையே பேசவேண்டும்.

எங்கள் வண்டியின் அசல் இன்ஜினில் எண், முன்புறம் தண்ணீர்ப் பம்ப் பொருத்தும் மேட்டின் தலையில் வெட்டப்பட்டிருந்தது. வில்லிஸ் எம்.பி.யாக இருந்தால் பிளாக்கின் வலப்பக்கம், ஆயில் ஃபில்டருக்கு அருகில் இருக்கும். கிரீஸும் மண்ணும் மூடியிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றித் துணியால் துடைத்து, மேலே சாக்பீஸைத் தேய்த்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எண் தெரியும். சேசிஸ் எண்ணுக்குத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இதைத்தான் செய்கிறார்கள். நாம் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அச்சில் எல்லா எழுத்தும் ஒரே ஆழமாக, ஒரே சாயலாக இருக்கிறதா, எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடமோ வெல்டிங் கோடோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இங்கே நம் பாடம் ஒன்று நினைவுக்கு வருகிறது. எண்ணை உளியால் அடிக்கும்போது எழுத்தின் பள்ளத்துக்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்கி அதன் படிக அமைப்பு மாறிவிடுகிறது. மேலே அரத்தால் ராவி எண்ணை அழித்தாலும் அடியில் நசுங்கிய உலோகம் அப்படியே இருக்கும். தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கரைசலைத் தடவினால், நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வெவ்வேறு விதமாக அரிபட்டு, அழிந்த எண் மங்கலாகத் திரும்ப வரும். தடய அறிவியல் ஆய்வகங்களில் திருட்டு வண்டிகளை இவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள். வாங்கப் போகிறவர் அமிலம் எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. அரம் போட்ட தடம் தெரிந்தால் திரும்பி வந்துவிட்டால் போதும்.

ராணுவம் கழித்த வண்டிகள், அவற்றின் உதிரிகளைக் கொண்டு கட்டிய வண்டிகள் ஆகியவற்றில் இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். அரியானாவில் மண்டி டப்வாலி என்ற ஊர் இப்படி ஜீப் கட்டுவதில் பெயர் பெற்றது. வேலை அழகாக இருக்கும். ஆனால் அழகைப் பதிவு செய்ய முடியாது. எண்ணைத்தான் பதிவு செய்ய முடியும்.

இரும்பைப் பார்க்கும் முறை

எண்கள் பொருந்தினால் அடுத்தது இரும்பு. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு உடம்பெங்கும் ஓட்ட வேண்டும். தகடு இருக்கும் இடத்தில் பிடிக்கும். பட்டி பூசி மறைத்த இடத்தில் நழுவும். தரைத் தகட்டுக்கு அடியில் தொப்பி வடிவில் வளைத்த சட்டங்கள் உண்டு. யுத்த ஜீப்பில் அவற்றுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள்; அது ஈரத்தைக் குடித்துச் சுற்றியுள்ள இரும்பையும் தின்றுவிடும். மேலே புதுப் பெயின்ட் மின்னும் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்க்க வெட்கப்படக் கூடாது. சேலையில் போயிருந்தால் கோணியை விரித்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

சேசிஸில் விரிசல் விடும் இடங்கள் சில உண்டு. முன் ஸ்பிரிங் பட்டை தொங்கும் இடம், ஸ்டியரிங் பெட்டி பொருத்திய இடம், இன்ஜின் அமரும் இடம். எங்கள் ஜீப்பில் மூன்றாவது இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் விட்டு, வெல்டிங் வைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. பெட்ரோல் இன்ஜினுக்கென அளந்த சட்டத்தில் கனமும் அதிர்வும் மிகுந்த டீசல் இன்ஜினை ஏற்றி வைத்ததன் விளைவு என்று மெக்கானிக் மாமா சொன்னார்.

அடுத்து நான்கு சக்கர இழுவை. முன் ஆக்ஸிலில் டிஃபரன்ஷியல் உருண்டை இருக்கிறதா என்று முதலில் குனிந்து பார்க்க வேண்டும். வெறும் குழாயாக இருந்தால் அது இரு சக்கரத்தில் மட்டும் இழுக்கும் ஜீப். நம் நாட்டில் அவையும் ஏராளம். உருண்டை இருந்தாலும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை எரிபொருள் மிச்சம் பிடிக்கக் கழற்றி வைத்திருப்பார்கள். இந்த வண்டிகளில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் வேக வேறுபாட்டைச் சரிசெய்யும் அமைப்புக் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். மண்ணில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் முடியாது, வண்டி முரண்டு பிடிக்கும். ஆகவே மண் தரையில்தான் சோதிக்க வேண்டும்.

கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள டிரான்ஸ்ஃபர் பெட்டியில் 'லோ' போட்டால் என்ன ஆகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. சி.ஜே. 3பி.யில் முதல் கியர் விகிதம் 2.798, லோ விகிதம் 2.46, ஆக்ஸில் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. இன்ஜினின் திருப்புவிசை ஏறத்தாழ 155 நியூட்டன் மீட்டர். 37-ஆல் பெருக்கினால் 5,735. டயரின் ஆரம் 0.36 மீட்டர் என்று கொண்டால், உராய்வு இழப்பை நீக்காத கணக்கில், சக்கரத்தின் விளிம்பில் ஏறத்தாழ 15,900 நியூட்டன் தள்ளு விசை. வண்டியின் எடையோ 10,000 நியூட்டன்தான்! எடையைவிட விசை அதிகம். எனவே மலையில் ஏறுவதற்கு எல்லை வகுப்பது இன்ஜின் அன்று, டயருக்கும் மண்ணுக்கும் உள்ள பிடிப்பு. நான்கு சக்கரமும் ஏன் இழுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது. 'உராய்வு' பாடத்தைப் பேராசிரியர் நடத்தியபோது என் கண் முன் நின்றது மழையில் நனைந்த ஏலத் தோட்டத்துச் செம்மண் பாதைதான்.

கைப்பிரேக்கையும் சோதிக்க வேண்டும். இந்த ஜீப்பில் அது சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்புறம், ஷாஃப்ட்டில் பிடிக்கிறது. பெட்டியின் ஆயில் சீல் கெட்டால் ஆயில் கசிந்து பிரேக்கை நனைத்துவிடும். ஆகவே மேட்டில் கைப்பிரேக் நிற்கவில்லை என்றால் கோளாறு பிரேக்கில் மட்டும் இல்லை என்று பொருள். நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் மானி வைத்துப் பார்ப்பது, ஸ்டியரிங் ஆட்டம் பார்ப்பது முதலியவற்றை எந்த மெக்கானிக்கும் செய்து தருவார். நான் விவரிக்கத் தேவையில்லை.

இரண்டு விலை

2022-ல் ஒரு புரோக்கர் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரை அழைத்து வந்தார். பழைய வண்டிகளைச் சேகரிப்பவர் அவர். எங்கள் ஜீப்பைச் சுற்றி வந்தார். டீசல் இன்ஜினைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "இப்படியே என்றால் தொண்ணூறாயிரம். அசல் பெட்ரோல் இன்ஜின் இருந்தால் பேச்சே வேறு" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "ஓடுறதுக்குத்தானே டீசல் போட்டது? ஓடாம நின்னிருந்தா இந்நேரம் காயலான் கடைக்குப் போயிருக்குமே" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். பழைய ஜீப்புக்கு இரண்டு விலை உண்டு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஒன்று உழைப்பின் விலை. மற்றது வயதின் விலை. உழைக்க வாங்குபவர் டீசலா, செலவு குறைவா, உதிரி கிடைக்குமா என்று பார்ப்பார். வயதுக்கு வாங்குபவர் எது மாறாமல் இருக்கிறது என்று பார்ப்பார். வண்டியை ஐம்பது ஆண்டு சாகாமல் காப்பாற்றிய கையின் வேலை ஒவ்வொன்றும் இரண்டாவது விலையில் கழிவாக எழுதப்படுகிறது. அதே நேரம் பிலிப்பைன்சில் யுத்த ஜீப்புக்கு முழு உடம்பையே புதிதாகத் தகட்டில் செய்து உலகெங்கும் விற்கிறார்கள். அதைப் பொருத்திய வண்டியைப் பழமை என்று கொண்டாடுகிறார்கள்! எனக்கு இது இன்னும் முழுதாக உடன்பாடு இல்லை. ஆனால் விற்பவர், வந்திருப்பவர் எந்த விலைக்காரர் என்று அறிந்துகொள்ளாமல் வாய் திறக்கக் கூடாது.

சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, சேசிஸ், உடம்பு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத சொந்த வண்டியைத் தொன்மை வண்டியாகப் பதியலாம். மாநில எழுத்துகளுக்குப் பின் 'வி.ஏ.' என்று எண் தருவார்கள். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். பின் புதுப்பிக்க 5,000. ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். இதை நான் படித்துச் சொன்னதும் அப்பா, "அப்போ ஊறுகாய்ப் பானை மாதிரி பரண்ல வைக்கத்தானா?" என்று கேட்டார்.

உழைக்கும் வண்டியாகவே வைத்துக்கொள்வதும் மலிவில்லை. பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் காருக்கும் ஜீப்புக்கும் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. 2025 ஆகஸ்டில் இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 10,000 ஆயிற்று. பசுமை வரி தனி. பழைய வண்டியை மலிவு என்று நினைத்து வாங்குபவர் இவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இன்ஜினைத் தேடியது

கோயம்புத்தூர்க்காரர் போனபின் நானும் அப்பாவும் அந்தப் பெட்ரோல் இன்ஜினைத் தேடினோம். விற்றவரின் பழைய டிரைவர் ஒருவர், கழற்றிய இன்ஜினைத் தோட்டக் கிணற்றில் தண்ணீர் இறைக்க விற்றதாகச் சொன்னார். தோட்டத்துக்காரர், மின்சார மோட்டார் வந்ததும் அதை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். கடைசியில் ஒரு காயலான் கடையின் பின்புறம், உடைந்த பம்புகளுக்கு நடுவில் நான்கு இன்ஜின்கள் கிடந்தன. ஆர்.சி.யில் உள்ள எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூன்றாவது இன்ஜினில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துச் சாக்பீஸைத் தேய்த்தபோது முதல் எண் தெரிந்தது, இரண்டாவது தெரிந்தது, கடைசி எண்ணும் பொருந்தியது. நான் கத்திவிட்டேன். அது பெரும் தவறு. எடைக்கு ஏழாயிரம் போகும் இரும்புக்குக் கடைக்காரர் பதினாலாயிரம் கேட்டார். பேசிப் பன்னிரண்டாயிரத்துக்கு முடித்தோம். ரசீது வாங்கினோம், ரசீது இல்லாத இன்ஜினை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோக முடியாது.

பிளாக் வெடிக்கவில்லை. சிலிண்டரின் விட்டம் கம்பெனி அளவில் 3 1/8 அங்குலம், வீச்சு 4 3/8 அங்குலம். அதன்படி நான்கு சிலிண்டருக்கும் கொள்ளளவு 2,199 கன சென்டிமீட்டர். எங்களுடையதை அளந்தபோது விட்டம் ஏற்கனவே ஒருமுறை பெருக்கப்பட்டிருந்தது. இன்னொரு முறை போர் செய்ய இடம் இருந்தது. பிஸ்டன், கார்புரேட்டர் எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய் செலவு. டீசல் இன்ஜினைக் கழற்றி 30,000-க்கு விற்றோம். 2023-ல் நான் பிளஸ் டூ முடித்தேன். பணம் முழுதும் இன்ஜினில் கிடந்ததால் அந்த ஓராண்டு கல்லூரியில் சேரவில்லை. அம்மாவோடு ஏலத் தோட்டத்துக்கு நிமிர்க்கப் போனேன். அந்த ஆண்டிலேயே மூன்று எண்களும் பொருந்தி, 5,000 ரூபாயும் தாமதக் கட்டணமும் கட்டிப் பதிவு புதுப்பிக்கப்பட்டது.

விற்றது

2024 மே மாதம் அதே கோயம்புத்தூர்க்காரர் மறுபடி வந்தார். விலை 3,40,000 என்று படிந்தது. முன்பணத்தை எண்ணி வைத்தார். அப்போது அப்பா எழுந்து, "கொஞ்சம் இப்படி வாங்க சார்" என்று அவரை வண்டிக்கு அழைத்துப் போய், கோணியை விரித்துக் கீழே படுக்கச் சொல்லி, சேசிஸில் இருந்த அந்த வெல்டிங்கைக் காட்டினார். புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, அவர் கேக்கவே இல்லையே!"

"எனக்கு வித்தவன்கிட்ட நானும்தான் கேக்கல" என்றார் அப்பா.

20,000 குறைந்தது. 3,20,000-க்கு முடிந்தது. புரோக்கர் தன் இரண்டு சதவீதம் 6,400-ஐ முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்.

பணம் கைக்கு வந்தால் விற்பனை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. படிவம் 29, விற்றவர் கொடுக்கும் அறிவிப்பு. ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளில் கொடுக்க வேண்டும். படிவம் 30, பெயர் மாற்ற விண்ணப்பம். வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டி என்றால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. கேரளத்துக்கு வண்டி விற்கும் எங்கள் பக்கத்து மக்கள் இதைத் தவறவிடவே கூடாது. பெயர் மாறாத வரை, வண்டி யார் கையில் விபத்துக்கு உள்ளானாலும் புத்தகத்தில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வெற்றுத் தாளிலும் நிரப்பாத படிவத்திலும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, வண்டியைக் கைக்குக் கை மாற்றும் புரோக்கர்கள் உண்டு. நான் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பியபிறகே அப்பாவிடம் பேனாவைக் கொடுத்தேன். அவர் தமிழில் எழுத்தெழுத்தாகக் கையெழுத்திட்டார்.

சங்கிலியை மீட்டோம். கைமாற்று அடைந்தது. ஜூலையில் நான் இங்கே சேர்ந்தேன். அதே மாதத்தில் ஒரு மாலை என் போனுக்குப் பெயர் மாற்றம் முடிந்ததாகச் செய்தி வந்தது. அப்பா அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், புளியமரத்தடியில் ஏழு ஆண்டு ஆயில் சொட்டிக் கறுத்திருந்த மண்ணை வெட்டி அள்ளி வெளியே கொட்டினார். அந்தக் குழியில் எருவைப் போட்டு அம்மா அவரை ஊன்றினார். இந்தத் தையில் காய்த்திருக்கிறது.